சோதினைக்கு வராத கேள்வி

எங்கள் தொழிற்சாலையில் ஆட்களுக்குச் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. எந்தப் பகுதியைத் தைக்கிறோமோ அதுதான் பெயர். கொலர் தைத்தவர் கொலர் மாமி. குளிர் ஜாக்கெட்டுகளுக்கு உள்பொக்கற் வைத்தவர் பொக்கற் அக்கா. நான் வரிசையின் கடைசியில் நின்று நூல் வெட்டி, குறை பார்த்து, பெட்டிக்கு அனுப்புகிறவள். என்னைக் 'கத்தரிக்கோல்' என்றார்கள். அது கைக்கு மட்டும் வைத்த பெயரில்லை, வாய்க்கும் சேர்த்துத்தான் என்று விளக்கம் சொன்னவர் பொக்கற் அக்கா.

இடம் மொன்ட்ரியாலின் லாசாலில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஐம்பத்தெட்டுப் பேர் வேலை செய்தோம், முக்கால்வாசி யாழ்ப்பாணத்து, மன்னார்ப் பெண்கள். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்துபோய், அதற்குப் பதிலாகக் கறுப்பு இலாஸ்டிக் தைத்துக் காதில் மாட்டியிருப்பார். கண்ணாடிக்கு மேலால் அவர் பார்த்தால், ஒரு குற்றமும் செய்யாதவருக்கும் எதையோ ஒளித்து வைத்திருப்பதுபோல ஓர் உணர்ச்சி வரும். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது. என் விஷயத்தில் அதற்குக் காரணமும் இருக்கிறது.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய ரொறன்ரோத் தங்கச்சியில் தொடங்க வேண்டும். ஊர்க் காணி ஒன்றால் குடும்பம் இரண்டாகி, வழக்கில் தோற்ற அண்ணன்மார், இனித் தங்கச்சியோடு கதைப்பதில்லை என்று தகப்பனின் படத்துக்கு முன்னால் அக்காவிடம் சத்தியம் வாங்கிவிட்டார்கள். அக்கா சத்தியத்தை மீறவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு ரொறன்ரோவுக்குப் போன் எடுப்பார். அந்தப் பக்கம் தங்கச்சி எடுத்தால் இவர் வாயே திறக்கமாட்டார். தங்கச்சி அரை மணித்தியாலம் பிள்ளைகளின் படிப்பு, புருஷனின் குணம், தன் முழங்கால் நோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வைப்பார். ஒரு ஞாயிறு நான் மொன்ட்ரியால்-நோரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது இதை நேரிலே பார்த்தேன்.

"என்னக்கா இது?"

"கதைக்கமாட்டன் எண்டுதானே சத்தியம். கேக்கமாட்டன் எண்டு ஆர் சொன்னது?"

"அவவுக்கு நீங்கள்தான் எண்டு தெரியுமோ?"

"பின்னை? தெரியாத ஆளுக்கு ஆரேன் முழங்கால் நோவைச் சொல்லுவினமோ?"

விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சிரிப்பு அடங்கிவிட்டது. இந்த மனுசியிடம் நாளைக்கு நான் ஒரு வாக்கு வாங்கினால் அதற்குள் எத்தனை ஓட்டை இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

இந்தக் கெட்டித்தனத்தை அவர் கற்றது ஜேர்மனியிடமிருந்து. ஊரில் ஏ.எல். சோதினைக்குப் படித்த காலத்தில், ஐரோப்பிய வரலாற்றில் ஒரு கேள்வி கட்டாயம் வரும் என்று ரியூசன் மாஸ்டர் அடித்துச் சொன்னாராம்: முதலாம் உலக யுத்தத்தில் தோற்ற ஜேர்மனி, வேர்செயில்ஸ் உடன்படிக்கையை எவ்வாறு மீறியது, விளக்குக. அக்கா பதினொரு குறிப்புகளைத் தலைகீழாகப் பாடமாக்கிக்கொண்டு போனார். கேள்வி வரவில்லை. இத்தாலியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். "இத்தாலி!" என்று சொல்லும்போது இருபத்தைந்து வருடம் கழித்தும் அவருக்கு மூக்கு விடைக்கும். படித்தது வீணாகக் கூடாது என்று அந்தப் பதினொரு குறிப்பையும் எங்கள் தலையில் இறக்கினார்.

ஆனால் அதற்கு முதல் நாங்கள் தோற்க வேண்டியிருந்தது. அது ஒரு மாசி மாதம். கழிப்பறைத் திறப்பு மற்றச் சாவிகளோடு சுப்பவைசரின் இடுப்பில் தொங்கும், கேட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சுப்பவைசர் போர்த்துக்கல்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், முதலாளிக்குப் பயந்தவர். ஒரு நாள் ஏழு மாதக் கர்ப்பிணியான ஹெய்ட்டிப் பெண் ஒருத்திக்கு அவர் திறப்பைக் கொடுக்க மறுத்துவிட்டார். அவள் தன் மெசினுக்குப் பக்கத்தில் நின்றபடியே நனைந்துபோனாள். பொக்கற் அக்கா தன் மெசினை நிற்பாட்டினார். அடுத்தது கொலர், அடுத்தது சிப், அடுத்தது லைனிங். அந்த மாடியில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினோம்.

ஒன்பது நாள் பனியில் நின்றோம். வீடும் பிள்ளைகளும் அதற்கு மேல் தாங்கவில்லை, பத்தாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தோம். முதலாளி பிரெஞ்சில் ஒரு பக்கக் கடதாசி அடித்து வைத்திருந்தார். ஒன்பது பிரிவுகள். வரிசையில் நின்று கையெழுத்து வைத்துவிட்டுத்தான் மெசினில் உட்காரலாம். எங்களில் பாதிப்பேர் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அக்கா கைப்பையிலிருந்து சின்ன அகராதியை எடுத்தார். சுப்பவைசர் மணிக்கூட்டைப் பார்க்கப் பார்க்க, சொல்லுக்குச் சொல் தேடி வாசித்தார். முதல் பிரிவில், நடந்த எல்லாவற்றுக்கும் முழுக் குற்றமும் தொழிலாளருடையது என்று இருந்தது.

"இருநூற்றி முப்பத்தொண்டு" என்றார்.

"இதிலை ஒன்பதுதானே அக்கா இருக்கு" என்றேன்.

"நான் வேர்செயில்ஸைச் சொல்லுறன். இருநூற்றி முப்பத்தோராம் பிரிவு. சண்டைக்கு முழுக் குற்றமும் ஜேர்மனியின்ரை எண்டு எழுதி வாங்கினவங்கள். நிலம் போனதை, கப்பல் போனதை எல்லாம் பொறுத்த சனம், உந்தப் பிரிவை மட்டும் பொறுக்கேல்லை."

பிறகு குனிந்து, நிதானமாகத் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். தோற்றவர் வைக்கிற கையெழுத்தாகத் தெரியவில்லை. வீடு வாங்குகிறவர் வைப்பதுபோல இருந்தது.

அந்தக் கடதாசியின் பிரதியைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினார்கள். நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டோம். அக்கா அதற்கு எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு, சோற்றைக் குழைத்தபடி தினமும் வாசித்தார். ஒரு மேசைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கூட்டம் கூடக் கூடாது. வேலையிடத்தில் எந்தக் கடதாசியும் கையிலிருந்து கைக்கு மாறக் கூடாது. தன் தையலில் குறை கண்டவர் உடனே அறிவிக்க வேண்டும், ஒருவர் பெயரில் மூன்று குறை பதிவானால் வேலை போகும். இரண்டு கிழமை வாசித்துவிட்டு ஒரு நாள் எங்கள் மேசைக்கு வந்து சொன்னார்:

"நல்ல உடன்படிக்கை. நிறைய இடம் விட்டிருக்கிறாங்கள்."

அவர் தேடிய இடம் யூனியனுக்கு. அட்டை ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டும். ஆட்களில் பாதிக்கு மேல் ஒருவர் வைத்தால் போதும், யூனியன் வந்துவிடும். எங்கள் ஐம்பத்தெட்டுப் பேரில் முப்பது. முதலாளிக்கு முதலே தெரிந்தால் அட்டையில் பெயர் உள்ளவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மே மாதம் மாதாவின் வணக்க மாதம். அக்கா லைனிங் தைக்கிற ஜெசிந்தாவைப் பிடித்தார். ஜெசிந்தா மன்னார்க்காரி, புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகள், பூசை தவறாதவள்.

"செபமாலையிலை எத்தினை தேவரகசியம்?"

"ஐஞ்சு."

"இஞ்சை மேசை எத்தினை?"

ஜெசிந்தா எண்ணிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். மேசையும் ஐந்துதான். ஒரு மேசைக்கு நாலு பேர், ஒரு மேசைக்கு ஒரு தேவரகசியம். இருபது பெண்கள், ஒரு பிரிவும் மீறப்படவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற அக்கா மூன்று நாளில் செபம் முழுவதையும் சோதினைக்குப் போவதுபோலப் பாடமாக்கினார். சைவக்காரிகள் பாதிப்பேர் வந்து உட்கார்ந்தோம். சுப்பவைசர் பாய்ந்து வந்தார். 'மரியே' என்ற சொல் காதில் விழுந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். சரி, இன்றைக்குத் தப்பினோம் என்று பார்த்தால், அடுத்த நாளும் வந்தார். ஒரு நாள் விடாமல் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் செபத்தின் ஓசை தெரியும். ஓசை மாறினால் பிடித்துவிடுவார்.

அக்கா ஓசையை மாற்றவில்லை. கடைசியில் வருகிற மன்றாட்டு மாலைக்குள் யூனியன் கணக்கை வைத்து அதே இராகத்தில் இழுத்தார். "லைனிங்கில் இன்னும் மூன்று பேரே..." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றோம் இருபது பேரும். "கொலர் மாமியின் புருஷன் பயப்படுகிறாரே..." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." சுப்பவைசர் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாய் வந்தன. ஜெசிந்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, செபமாலை செபமாலையா இருக்கோணும். உந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும் மாதாவிட்டை நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுறன்" என்று அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

இடையிடையே எங்களுக்கு ஜேர்மனி. "போர் விமானம் வைச்சிருக்கக் கூடாது எண்டது பிரிவு. எந்திரமில்லாத விமானத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெடியள் மலையிலையிருந்து கிளைடரிலை இறங்கிப் பறக்கப் பழகினாங்கள். யுத்த தாங்கி கூடாது. காருக்கு மேலை மட்டையாலை தாங்கி மாதிரிக் கட்டிப்போட்டுப் பழகினாங்கள். மெய்யான தாங்கியை ரஷ்யாவிலை போய் ஒளிச்சு ஓட்டினாங்கள். இஞ்சாலை கடதாசியிலை அதுக்குப் பேர் உழவு இயந்திரம்! லட்சம் பேருக்கு மேலை ராணுவம் கூடாது. சரி எண்டிட்டு, அந்த லட்சத்திலை ஒவ்வொருத்தனையும் பத்துப் பேரை நடத்தக்கூடிய மாதிரிப் பழக்கினாங்கள்."

"பேந்து என்னக்கா நடந்தது? ஹிட்லர் வந்தவன்தானே?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"அது வேறை கேள்வி. அதுக்கு நான் படிக்கேல்லை."

துணி வெட்டுகிற கிழவர் ஒருவர் இருந்தார், போலந்துக்காரர், எங்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். ஒரு நாள் நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டார். அக்கா தன் உடைந்த பிரெஞ்சில் உழவு இயந்திரக் கதையைச் சொன்னார். கிழவர் கடைசிவரை கேட்டார். "அந்த உழவு இயந்திரங்கள் எங்கள் கிராமத்துக்கு வந்தன, மடாம்" என்றார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் மேசைக்கு வரவில்லை.

அக்கா நாலு நாள் ஜேர்மனிப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் பஸ் தரிப்பில், நான் கேட்காமலே, "முறை அவங்கடை, தேவை எங்கடை" என்றார். அது எனக்குச் சொன்ன பதிலா, கிழவருக்குச் சொன்னதா தெரியவில்லை. எனக்கு அது போதவில்லை, இப்போதும் போதாது. ஊரிலும் அந்த நேரம் சமாதானம் என்று சொல்லி ஓர் உடன்படிக்கை இருந்தது. அதைப் பற்றி மட்டும் அக்காவிடம் ஒரு குறிப்பும் கிடையாது. கேட்டால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு மெசினை மிதிப்பார்.

இனி என் பக்கத்தைச் சொல்ல வேண்டும். என் அம்மா யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தார். நான் அவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்திருந்தேன். சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம் அது. எப்போது மூடும் என்று ஒருவருக்கும் தெரியாது. நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளியின் கடிதம் வேண்டும். கடிதம் வருகிற வரைக்கும், வந்த பிறகு விசா கிடைக்கிற வரைக்கும், எனக்கு வேலை போகக் கூடாது. அக்காவிடம் நேரே சொன்னேன்: "என்னைக் கையெழுத்துக் கேக்காதேங்கோ அக்கா. அம்மா வந்து சேரட்டும்."

"உம்மைக் கேக்கமாட்டன்" என்றார் அக்கா. "சத்தியமாக் கேக்கமாட்டன்."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஆனியில் ஒரு நாள் நூல் வெட்டும்போது, ஒரு ஜாக்கெட்டின் உள்பொக்கற்றுக்குள் ஏதோ விறைப்பாகத் தட்டுப்பட்டது. கையை விட்டேன். யூனியன் அட்டை, கொலர் மாமியின் கையெழுத்தோடு. பொக்கற்றின் வாயைக் கட்டுகிற தையல் வழக்கமான கறுப்பு நூலில் இல்லாமல் கருநீல நூலில் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. பொக்கற் தைக்கும்போதே அக்கா உள்ளே அட்டையை வைத்துவிடுகிறார். ஜாக்கெட் வரிசையில் நகர்கிறது. யாருக்கு உரியதோ அவர் தன் இடத்தில் எடுத்துக் கையெழுத்து வைத்து, மறுபடி உள்ளே செருகிவிடுகிறார். கடதாசி கையிலிருந்து கைக்கு மாறவில்லை. வரிசையின் கடைசியில் யார் நிற்கிறது? நான்.

எடுக்காவிட்டால் அது பெட்டிக்குள் போகும், கடைக்குப் போகும், அங்கிருந்து முதலாளியின் மேசைக்கு வரும். எடுத்து என் ஏப்ரனுக்குள் வைத்தேன். பஸ் தரிப்பில் அக்காவைப் பிடித்தேன்.

"சத்தியம் பண்ணினீங்கள்!"

"கையெழுத்துக் கேட்டனோ?"

"கையெழுத்தைவிட இது பெரிசு அக்கா! பிடிபட்டால் முதல் போறது நான்."

"நீர் கையெழுத்து வைக்கேல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். நீர் கடிதத்துக்குக் காத்திருக்கிறது முதலாளிக்கும் தெரியும். அதாலைதான் உம்மிலை ஒருத்தருக்கும் சந்தேகம் வராது." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வேணாம் எண்டால் நாளைக்கே நிப்பாட்டுறன். சொல்லும்."

நான் சொல்லவில்லை. அந்த மனுசியில் எனக்கு அவ்வளவு கோபம். இருந்தும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து கருநீல நூலைத் தேடித் தேடிப் பார்த்தேன். அட்டைகள் என் வீட்டில் அரிசி வாளிக்குள் சேர்ந்தன. பத்து, பதினேழு, இருபத்துநாலு. ஒவ்வொரு அட்டைக்கும் எனக்கு அம்மாவின் முகம் ஒருமுறை வந்து போகும்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை யூனியன்காரப் பெண்ணிடம் அட்டைகளைக் கொடுப்பதாகப் பேச்சு. வாளிக்குள், அக்காவுடையதையும் சேர்த்து, இருபத்தெட்டு இருந்தன. நாள் கணக்காகப் பயந்து, கடைசியில் மனம் வைத்த ஜெசிந்தாவின் அட்டை இருபத்தொன்பதாவதாக அன்று காலை வரிசையில் வந்துகொண்டிருந்தது. முப்பதாவதுக்கு என்ன வழி என்பது அக்காவுக்குத்தான் வெளிச்சம். பெரிய ஓடர் என்பதால் சுப்பவைசர் என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். கருநீல நூல் போட்ட ஜாக்கெட் என் கைக்கு வந்தது. அவருடைய கண் என் விரலில் இருந்தது. நான் நூலை வெட்டிவிட்டு, பிறகு எடுக்கலாம் என்று அடுக்கின் அடியில் வைத்தேன். அவர் நகர்ந்து நான் திரும்பிப் பார்த்தபோது அடுக்கு இல்லை. பெட்டி கட்டுகிறவர் அள்ளிக்கொண்டு போய், ஒட்டியும் முடித்துவிட்டார். வாசலோரம் பன்னிரண்டு பெட்டிகள். லொறி இரண்டரைக்கு வரும்.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஆற்றை அட்டை?"

"ஜெசிந்தான்ரை."

அடுத்த மேசையில் ஜெசிந்தா தன் பாணை இரண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது. அக்கா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு சோற்றுப் பெட்டியை மூடி, கையைக் கழுவி, ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேரே சுப்பவைசரிடம் போனார்.

"முசியோ, காலை வேலையில் என் பொக்கற் ஒன்று பிழை. ஏழாம் பிரிவின்படி அறிவிக்கிறேன்" என்று பிரெஞ்சில் சொன்னார்.

அவர் பெயரில் ஏற்கெனவே இரண்டு குறை பதிவாகியிருந்தது. இரண்டும் எங்களுக்கு ஜேர்மனி சொன்ன நாட்களில் தைத்தவை. சுப்பவைசருக்கும் அது தெரியும். "நன்றாக யோசித்தாயா, மடாம்?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். அக்கா சுவரில் ஒட்டியிருந்த கடதாசியைக் காட்டினார்.

பெட்டிகளைப் பிரித்தார்கள். குறை பார்ப்பது என் வேலை, ஆகவே நான்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே புரட்டி, பொக்கற்றைப் பார்த்து, வைத்தேன். சுப்பவைசர் வலப்பக்கம், அக்கா இடப்பக்கம். மூன்று பெட்டி. ஐந்து பெட்டி. மணி இரண்டு. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கப் பயந்தேன். ஏழாவது பெட்டியின் நாலாவது ஜாக்கெட்டில் கருநீல நூல் தெரிந்தது. என் கை நின்றுவிட்டது. அதே நேரம் அக்கா வலப்பக்கமாக வந்து, "இதோ, இந்த நூல்! கறுப்புக்குப் பதில் நீலம்!" என்று ஜாக்கெட்டின் ஒரு விளிம்பை இழுத்துச் சுப்பவைசரின் முகத்துக்கு நேரே பிடித்தார். அந்த நொடியில் அட்டை என் சட்டைக் கைக்குள் போனது. நூல் பிழையா என்றால் பிழைதான். அக்கா ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அலுவலக அறையில், 'பொக்கற் பிழையாகத் தைத்தேன்' என்று எழுதிய தாளில் கையெழுத்து வைத்தார். மூன்று மணிக்குக் கத்தரி, நூற்பந்து, அகராதி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். என் மேசையைத் தாண்டும்போது நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நான் எத்தனையோ பேரின் குறையைப் பார்த்தவள், என் குறைக்கு இன்னொருவர் வேலையை விட்டுப் போவதைத் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கணக்கை வீட்டில் போட்டேன். அக்கா போனால் ஐம்பத்தேழு பேர். பாதிக்கு மேல் ஒருவர் என்றால் இருபத்தொன்பது. அக்காவின் அட்டை இனிச் செல்லாது. ஜெசிந்தாவினதோடு சேர்த்து என்னிடம் இருந்தது இருபத்தெட்டு. மிச்சப் பேரில் கேட்கக்கூடிய எல்லோரையும் கேட்டாகிவிட்டது, ஒருவரைத் தவிர.

திங்கட்கிழமை காலை சுப்பவைசர் ஒரு உறையை என் மேசையில் வைத்தார். முதலாளியின் கடிதம். நிரந்தர வேலை, நல்ல தொழிலாளி என்று இருந்தது. பத்து மணிக்குக் கழிப்பறைத் திறப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். வெற்று அட்டை ஒன்றை முழங்காலில் வைத்துப் பேனையைத் திறந்தேன். பெயரை எழுதினேன். விலாசத்தை எழுதினேன். கையெழுத்து வைக்கிற கோட்டில் பேனை நின்றது. கதவில் சுப்பவைசர் தட்டும்வரைக்கும் அங்கேயே நின்றது.

மதியம் ஜெசிந்தா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் முந்திக்கொண்டு, "இருபத்தெட்டு" என்றேன்.

"தெரியும்." சாப்பாட்டைத் திறந்தாள். "பொக்கற் அக்கா வெள்ளிக்கிழமையே எல்லாருக்கும் போன் எடுத்தவ. உங்களை ஒருத்தரும் கேக்கக் கூடாதாம். கேட்டால் தன்ரை சத்தியம் போயிடுமாம்."

அவள் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டை தேடாமல் அந்த மனுசி முழுதாகக் காப்பாற்றிய உடன்படிக்கை என் அறிவுக்கு அது ஒன்றுதான். கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை வைத்தும் இருப்பேன். நாலரைக்குப் பஸ் தரிப்பில் யூனியன்காரப் பெண் அட்டைகளை இரண்டு தரம் எண்ணினாள். ஒன்று குறைகிறது என்றாள். அந்தக் கிழமைக்குள் பயந்துபோய் ஒன்பது பேர் தங்கள் அட்டையைத் திருப்பி வாங்கினார்கள். திறப்பு சுப்பவைசரின் இடுப்பிலேயே இருந்தது.

அடுத்த கோடையில் அம்மா வந்து சேர்ந்தார். வந்து ஒரு மாதத்தில் ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால், ஏப்ரன் கட்டிக்கொண்டு பொக்கற் அக்கா நின்றார். எனக்குக் காலை நகர்த்தத் தெரியவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

"அம்மா வந்திட்டாவே?" என்றார். உண்மையான சந்தோஷம் அந்த முகத்தில். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஓம்" என்றேன். "அம்மா, இவ என்னோடை வேலை செய்தவ."

"அப்பிடியோ பிள்ளை! இவளுக்கு அந்த வேலை நிலைச்சு நிண்டபடியாலைதான் நான் வந்து சேந்தன். கடவுள் செயல்." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் ஏன் பிள்ளை உந்த நல்ல வேலையை விட்டனீங்கள்?"

அக்கா நல்ல கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நான் விடேல்லை அம்மா. பொக்கற் ஒண்டைப் பிழையாத் தைச்சுப்போட்டன். அனுப்பிப்போட்டினம்."

மெட்ரோவுக்கு நடக்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பாவம், நல்ல மனுசி. ஒரு பிழைக்கு வேலை போயிட்டுது பார்" என்றார். "நீ எண்டாலும் கவனமா இரு பிள்ளை."

"ஓம் அம்மா" என்றேன்.